நோவும் மருந்தும் அச்சமும்

கறிச்சட்டியிலே ஒரு கைப்பிடி உப்பை இடும்போது, அவ்வுப்பு எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பினால் வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையிலே, நகரை அடைவதற்குச் சற்று முன்னர் பாலாவி என்னும் ஊர் உண்டு. கற்பிட்டிக்குச் செல்லும் வீதி பிரிவது இவ்வூரிலேதான். களப்பின் உவர்நீரைப் பாத்திகளிலே பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, பூத்து வரும் உப்பை வாரிக் குவிக்கும் உப்பளங்கள் இங்கே பரந்து கிடக்கின்றன. அண்மையிலே சீமெந்துத் தொழிற்சாலை. கற்பிட்டி வீதியாற் சென்றால் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் மீனவரின் வாடிகள்.

இத்தொழில்கள் அனைத்துக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு. அது மண்வெட்டியன்று, வலையுமன்று. மனிதனுடைய நாரியே அக்கருவி. குனிந்து வாருவதும், நிமிர்ந்து சுமப்பதும், மீண்டும் குனிவதுமாக இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவனுடைய முதுகெலும்பும் முழங்காலும் ஒருநாள் முறையிடத் தொடங்குகின்றன. முதலில் வேலை முடிந்த மாலையிலே நோகின்றது. பின்பு வேலையின் நடுவிலே நோகின்றது. ஈற்றிலே, படுத்திருக்கும்போதும் நோகின்றது.

அப்போதுதான் குளிசை வீட்டுக்குள் நுழைகின்றது. அதனோடு சேர்ந்து ஓர் அச்சமும் நுழைகின்றது. “இதைத் தொடர்ந்து எடுத்தால் பழகிவிடுமாமே; பின்பு விடவே முடியாதாமே” என்று மனைவி கேட்கிறாள். கற்பிட்டிக் கடற்பரப்பிலே போதைப்பொருள் கைப்பற்றப்பட்ட செய்தியைப் பத்திரிகையிற் படித்த மகன், தந்தையின் குளிசையும் அதே இனத்தைச் சேர்ந்ததோ என்று ஐயுறுகிறான். இந்த அச்சம் நியாயமானதா? நியாயமானதாயின் எவ்வளவு தூரம் நியாயமானது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எச்சரிக்கும் நோவும் எச்சரிக்காத நோவும்

நோவு என்பது இயற்கை நமக்கு வைத்த காவற்காரன். அடுப்பிலே கை பட்டால் உடனே கையை இழுத்துக்கொள்கிறோம். முள் தைத்த காலை ஊன்றாமல் நடக்கிறோம். காயம் ஆறியதும் நோவும் ஆறிவிடுகின்றது. இது குறுங்கால நோவு.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என்று மருத்துவ உலகம் வகுத்துள்ளது. இங்கே காவற்காரனே குழம்பிவிடுகிறான். கள்வன் போன பின்பும் அவன் ஓயாது கூக்குரல் இடுகிறான். நரம்புகளும் முள்ளந்தண்டு வடமும் மூளையும் நோவின் செய்தியை மீண்டும் மீண்டும் கடத்திக் கடத்தி, அதற்கே பழகிவிடுகின்றன. சிறு தூண்டுதலும் பெரு நோவாகத் தோன்றுகின்றது. இது பொய் நோவன்று, நோயாளி நடிக்கவுமில்லை. நோவு மெய், ஆனால், அதன் அளவு உடலிலுள்ள பழுதின் அளவை அப்படியே காட்டுவதில்லை.

இன்னுமொன்று. உறக்கமின்மை, கவலை, இழப்பு ஆகியவை நாட்பட்ட நோவைப் பெருக்குகின்றன. 1990 ஆம் ஆண்டு அக்டோபரிலே வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுட் பல, பாலாவியையும் அதனைச் சூழ்ந்த புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளையும் அடைந்து குடியேறின. வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள் கூலி வேலையால் வாழ்வை மீண்டும் கட்டி எழுப்பினார்கள். அத்தகைய ஒருவர் “உடம்பெல்லாம் நோகிறது” என்று கூறும்போது, உடலை மட்டும் பார்க்கும் வைத்தியம் அரை வைத்தியமே ஆகும்.

அபின் தந்த மருந்து

கடும் நோவுக்கு மனிதன் கண்ட மிகப் பழைய மருந்துகளுள் ஒன்று அபின். தமிழ்நாட்டுச் சமையலிலே தேங்காயோடு சேர்த்து அரைக்கும் வெண்ணிறக் கசகசாவைத் தரும் செடியே அபின் செடியும் ஆகும். நம் நாட்டிலே பலூடாவிலும் சர்பத்திலும் மிதக்கும் கருநிற விதையைக் கசகசா என்று அழைப்பினும், அது துளசி இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதை. அபின் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உலர்ந்து அபின் ஆகின்றது.

1800 ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளிலே, சேட்டுர்னர் என்னும் இளம் ஜெர்மானிய மருந்தாளர் அபினிலிருந்து அதன் உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோர்பியசின் பெயரால் அது மோர்பின் என வழங்கலாயிற்று. 1832 இல் கொடீன் பிரிக்கப்பட்டது. 1898 இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் மோர்பினைச் சிறிது மாற்றி, இருமலுக்கு மருந்தாக ஒரு புதுப் பொருளை விற்பனைக்கு விட்டது. மோர்பினைப் போல அது மனிதரை அடிமையாக்காது என்று அப்போது நம்பினார்கள். அதன் பெயர் ஹெரோயின். அந்த நம்பிக்கை எவ்வாறு பொய்த்தது என்பதை இன்று உலகமே அறியும். பெத்தடீன், ட்ரமடோல், பெந்தனில் என்பன பிற்காலத்திலே ஆய்வுகூடங்களிற் செய்யப்பட்ட அதே இன மருந்துகள்.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? நம் உடலே தனக்கென நோவாற்றிப் பொருள்களைச் சுரக்கின்றது. 1973 இல், மோர்பின் சென்று பொருந்தும் இடங்கள் மூளையில் இருப்பதை அறிஞர் கண்டனர். 1975 இல், அவ்விடங்களிற் பொருந்துவதற்கு உடலே செய்து வைத்திருக்கும் பொருள்களைக் கண்டனர். ஒரு பூட்டுக்கு வீட்டுக்காரனிடம் ஒரு திறவுகோல் இருக்க, அபின் என்னும் அயலானிடமும் அதே பூட்டைத் திறக்கும் கோல் அமைந்துவிட்டது. ஆனால், அப்பூட்டு நோவின் கதவை மட்டும் காப்பதன்று. இன்ப உணர்ச்சி, மூச்சு, குடலின் அசைவு ஆகியவற்றின் கதவுகளிலும் அதே பூட்டுத்தான் உண்டு. மருந்தின் நன்மையும் தீமையும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதன் காரணம் இதுவே.

சட்டம் வகுத்த வேலி

ஆங்கிலேயர் ஆட்சியின்போது இலங்கையிலே உரிமம் பெற்ற அபின் கடைகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. அபின் வழங்கும் பொறுப்பை அரசாங்கமே ஏற்று, பழக்கப்பட்டவர்களையும் நாட்டு வைத்தியர்களையும் பதிவு செய்து அளவோடு வழங்கும் ஏற்பாடு அக்காலத்திலேயே வந்தது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும், திருத்தங்களோடு, நம் நாட்டின் அடிப்படைச் சட்டமாக விளங்குகின்றது. 1984 ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளை மிகக் கடுமையாக்கியது.

உலக அரங்கிலே, 1961 ஆம் ஆண்டின் போதைப்பொருள் பற்றிய தனி உடன்படிக்கை இத்துறையின் அடித்தளம். அவ்வுடன்படிக்கை தன் முகவுரையிலேயே இரண்டு உண்மைகளை அருகருகே வைக்கின்றது. நோவையும் துன்பத்தையும் தணிப்பதற்கு இம்மருந்துகள் இன்றியமையாதவை என்பது ஒன்று. இவற்றுக்கு அடிமையாதல் தனி மனிதனுக்குப் பெருந்தீங்கு என்பது மற்றொன்று. ஆனால், நாடுகள் பல இரண்டாவதை மனத்தில் இருத்தி, முதலாவதை மறந்துவிட்டன. வேறு சில முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டன. இந்த இரு பிழைகளின் விளைவையும் காண்போம்.

அச்சம் மிகுந்த இடத்தில்

உலகின் மருத்துவத் தேவைக்காகச் சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களிலே அரசாங்க உரிமத்தோடு இச்செடி பயிரிடப்படுகின்றது. 1985 இல் அந்நாடு கடுமையான போதைப்பொருட் சட்டத்தை இயற்றியது. ஒரு சிறு மோர்பின் பொதியை வாங்குவதற்கு வைத்தியசாலைகள் பல அலுவலகங்களின் அனுமதிகளுக்கு அலைய வேண்டியதாயிற்று. விளைவு யாது? 1997 அளவில் அந்நாட்டின் மருத்துவ மோர்பின் பயன்பாடு நூற்றுக்கு 97 பங்கு குறைந்துவிட்டது. அயல்நாட்டு நோயாளிக்கு மருந்து தந்த மண்ணிலே, சொந்த நாட்டுப் புற்றுநோயாளி இரவெல்லாம் அலறினான்.

இந்நிலையை மாற்றும் முயற்சி கேரளத்தில் அரும்பியது. 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நோவு தணிப்புச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினர். வாயால் உட்கொள்ளும் மோர்பினை நோயாளிகளுக்கு வழங்கினர். அவர்கள் வீடுகளிலேயே தங்கி அதனை உட்கொண்டனர். “வீட்டுக்குக் கொடுத்தால் மருந்து கள்ளச் சந்தைக்குப் போய்விடும்” என்று அஞ்சியோருக்கு விடையாக 2001 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஈராண்டுக் காலத்தில் 1723 நோயாளிகள் அவ்வாறு மோர்பின் பெற்றிருந்தனர். மருந்து தவறான வழியிற் சென்றதாக ஒரு நிகழ்ச்சியேனும் காணப்படவில்லை. பின்னர் கேரளத்தின் ஊர்தோறும் அயலவர் தொண்டர்களாகத் திரண்டு, படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குச் செல்லும் இயக்கம் வளர்ந்தது. 2014 இல் இந்தியா தன் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பயன்பாட்டுக்கு இருந்த தடைகளைத் தளர்த்தியது.

இது இந்தியாவின் குறை மட்டுமன்று. 2017 இல் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டில் உலகெங்கும் விநியோகிக்கப்பட்ட இவ்வின மருந்துகள் 298.5 தொன், அதில் மிக வறிய நாடுகளைச் சென்றடைந்தது ஒரு தொன்னின் பத்தில் ஒரு பங்கு மாத்திரமே.

அச்சம் அகன்ற இடத்தில்

மறுகரையைப் பார்ப்போம். 1980 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றிலே ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று வெளியாயிற்று. வைத்தியசாலையிலே இவ்வின மருந்து பெற்ற 11,882 நோயாளிகளுள் அடிமையானோர் நால்வரே என்பது அதன் சாரம். அந்நோயாளிகள் வைத்தியசாலைக்குள்ளே, தாதியரின் கண்காணிப்பிலே மருந்து பெற்றவர்கள். ஆனால், பிற்காலத்தில் எழுதியோர் இவ்வேறுபாட்டைக் கருதாமல், ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்து உட்கொண்டாலும் ஆபத்தில்லை என்பதற்கு அதனையே சான்றாக நூற்றுக்கணக்கான முறை எடுத்துக் காட்டினர்.

1996 இல் பேர்டியூ என்னும் நிறுவனம் ஒக்சிகொன்டின் என்னும் வலுமிக்க குளிசையை அங்கே சந்தைக்குக் கொணர்ந்தது. முதுகு நோவுக்கும் மூட்டு நோவுக்கும் அது தாராளமாக எழுதப்பட்டது. 2007 இல், அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டிப் பொய்யாக விளம்பரம் செய்த குற்றத்தை அந்நிறுவனம் நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. குளிசையிலிருந்து ஹெரோயினுக்கும், ஹெரோயினிலிருந்து கள்ளப் பெந்தனிலுக்கும் மக்கள் வழுவினர். 1999 முதல் 2021 வரை இவ்வின மருந்துகளும் போதைப்பொருள்களும் அளவு மிஞ்சியதால் அந்நாட்டிலே இறந்தோர் ஏறக்குறைய 645,000 பேர்.

கோழிக்கோட்டு மோர்பினும் அமெரிக்கக் குளிசையும் ஒரே குலத்தவை. ஒன்று துயர் தீர்த்தது. மற்றொன்று குடி கெடுத்தது. வேறுபாடு எங்கே? எந்த நோவுக்கு, யாருக்கு, எவ்வளவு காலம், யாருடைய மேற்பார்வையில் என்ற கேள்விகளிலேதான்.

குழப்பம் தரும் மூன்று நிலைகள்

“பழகிவிடும்” என்று நாம் ஒரே சொல்லாற் கூறுவது உண்மையில் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கும். மாணவர்கள் இவற்றைப் பிரித்து அறிதல் நன்று.

முதலாவது, தாங்குதிறன். உப்பளத்திலே முதன்முதல் இறங்குபவனின் காலை உவர்நீர் எரிக்கும். நாளடைவில் தோல் தடித்து எரிச்சல் குறையும். அவ்வாறே உடல் மருந்துக்கு மரத்து, அதே அளவு மருந்து முன்போல வேலை செய்யாமற் போகின்றது.

இரண்டாவது, உடற்சார்பு. நாள்தோறும் காலையில் தேநீர் அருந்துபவர் ஒருநாள் அருந்தாவிடின் தலை இடிக்கின்றது அன்றோ? அதுபோல, சில வாரங்கள் தொடர்ந்து இம்மருந்தை உட்கொண்ட எவருக்கும், திடீரென நிறுத்தினால் கொட்டாவி, மூக்கு நீர் வடிதல், வியர்வை, மயிர்க்கூச்சு, வயிற்று முறுக்கு, பேதி, உறக்கமின்மை என்பன தோன்றும். இது ஒழுக்கக்கேடன்று, உடலின் இயல்பு. மருந்தை மெல்ல மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மூன்றாவதுதான் அடிமைநிலை. நோவுக்காக அல்லாமல் மருந்துக்காகவே மருந்தைத் தேடுதல். சொன்ன அளவை மீறுதல். தீங்கு விளைவதைக் கண்ட பின்பும் விட முடியாமை. வேலை, குடும்பம், நாணயம் ஆகியவற்றை அதன்பொருட்டு இழத்தல். இது ஒரு நோய். எல்லாருக்கும் வருவதில்லை. ஆயினும் அளவு கூடுந்தோறும், காலம் நீளுந்தோறும் ஆபத்து மிகும். மது அல்லது வேறு போதைப் பழக்கம் முன்னரே இருந்தவர்களுக்கும், தீராத மனத்துயர் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் தீங்கு இரு வகை. மெல்லக் குறைத்து விடவேண்டிய ஒருவரை “போதைக்காரன்” என்று வீட்டார் இகழ்கின்றனர். அவர் மறைந்து உண்ணத் தொடங்குகிறார். மற்றொரு வீட்டிலோ, புற்றுநோயால் துடிக்கும் தாய்க்கு வைத்தியர் எழுதிய மோர்பினை “வேண்டாம், பழகிவிடும்” என்று பிள்ளைகளே தடுத்துவிடுகின்றனர். வாழ்நாளின் கடைசி வாரங்களிலே நோவின்றி உறங்கும் உரிமையை, அன்பின் பெயரால் அவர்கள் பறிக்கிறார்கள். நம் நாட்டிலும் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையிலும் பிற புற்றுநோய்ச் சிகிச்சை நிலையங்களிலும் மோர்பின் கண்டிப்பான பதிவோடு வழங்கப்படும் மருந்தே ஆகும். அதை ஏற்பதில் குற்றமுமில்லை, வெட்கமுமில்லை.

நாரி நோவுக்கு எது நல்லது?

உப்பளத்துத் தொழிலாளியின் நாரி நோவு புற்றுநோய் நோவன்று. அவர் இன்னும் பல ஆண்டுகள் வாழவேண்டியவர், உழைக்கவேண்டியவர். அவருக்கு இவ்வின மருந்து உதவுமா?

2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, நாட்பட்ட முதுகு, இடுப்பு, முழங்கால் நோவுடைய 240 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு அபின் இன மருந்துகள். மற்றதற்குப் பரசிற்றமோல் முதலிய ஏனைய மருந்துகள். ஓராண்டு முடிவில், நாளாந்த வேலைகளைச் செய்யும் திறனில் அபின் இனம் சிறிதும் முந்தவில்லை. நோவின் கடுமையிலோ, ஏனைய மருந்து பெற்றவர்களே சற்று நலமாக இருந்தனர். 2023 இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று, புதிதாகத் தோன்றிய முதுகு, கழுத்து நோவுடைய 347 பேரை ஆராய்ந்தது. ஆறு வார முடிவில் அபின் இன மருந்து வெறும் போலிக் குளிசையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. நீண்ட காலம் உட்கொள்வதால் நரம்புகள் நோவை முன்னிலும் கூர்மையாக உணரத் தொடங்குவதும் உண்டு. நோவுக்கு எடுத்த மருந்தே நோவை வளர்க்கும் விந்தை இது.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரி நோவுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. நோவின் இயல்பை நோயாளிக்கு விளக்குதல், ஒழுங்கான உடற்பயிற்சி, சிலவகை உடலியல் சிகிச்சைகள், மன ஆறுதற் பயிற்சிகள், அழற்சி தணிக்கும் மருந்துகள் ஆகியவை அதில் ஏற்கப்பட்டுள்ளன. அபின் இன மருந்துகளை வழக்கமாகக் கொடுத்தல் ஏற்கப்படவில்லை. கடைகளில் விற்கும் நாரிப் பட்டியும் ஏற்கப்படவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். “பலகையிலே அசையாது படு” என்ற பழைய புத்திமதியும் இன்று கைவிடப்பட்டுள்ளது. அசையாத நாரி மேலும் இறுகும். சிறிது நோவிருப்பினும் நாள்தோறும் நடத்தலும், முதுகுத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியுமே நிலைத்த பயன் தருவன.

அபின் இனத்துக்கு அஞ்சுவோர் மற்றக் குளிசைகளை அச்சமின்றி விழுங்குவதும் சரியன்று. டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை இரைப்பையிற் புண்ணை உண்டாக்கலாம். நாள் முழுதும் வெயிலில் வியர்த்து, போதிய நீர் அருந்தாத உடலில் இவை சிறுநீரகத்தையும் தாக்கும். உப்பளத்தில் உழைப்போர் இதனை நெஞ்சிற் பதித்தல் வேண்டும். பனடோல் என நாம் அறியும் பரசிற்றமோலும் நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு என்ற எல்லையைத் தாண்டினால் ஈரலைக் கெடுக்கும்; மெலிந்தவருக்கும் ஈரல் நோயாளிக்கும் எல்லை இன்னும் குறைவு.

நாரி நோவோடு கால் வலுவிழத்தல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் உணர்ச்சியின்மை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் தோன்றினால், குளிசை தேடாது உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

வீட்டார் செய்யக்கூடியவை

வைத்தியர் அபின் இன மருந்தொன்றை எழுதும்போது நான்கு கேள்விகளைப் பணிவோடு கேட்கலாம். இது எந்த இனத்து மருந்து? எத்தனை நாளைக்கு? எதைச் செய்ய முடிந்தால் பயன் தந்ததாகக் கொள்வது? எவ்வாறு நிறுத்துவது? இக்கேள்விகளால் நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார்.

ஒரே வைத்தியரிடமும் ஒரே பாமசியிலும் மருந்து பெறுதல் நன்று. கிளினிக் கொப்பியிலே எல்லா மருந்தும் பதியப்பட்டிருத்தல் வேண்டும். சீட்டின்றி யாரேனும் தரும் ட்ரமடோல் குளிசையைத் தொடாதீர்கள்; அயலவருக்கு உதவியென்று நம் குளிசையைக் கொடுக்கவும் கூடாது. மருந்தைப் பூட்டி வைத்து, எண்ணிக்கையை வீட்டார் ஒருவர் அறிந்திருத்தல் நல்லது. அது ஐயப்பாட்டினால் அன்று, பாதுகாப்புக்காக. ஒரு குழந்தையின் கைக்கு எட்டும் இரண்டொரு குளிசை அதன் மூச்சை நிறுத்தப் போதுமானது.

இம்மருந்தோடு மதுவோ, நித்திரைக் குளிசையோ சேர்தல் கூடவே கூடாது. மூன்றும் மூச்சை அடக்குவன. மலச்சிக்கல் இம்மருந்தின் நீங்காத் தோழன். ஆதலின் அதற்குரிய மருந்தையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுக. ட்ரமடோல் சிலருக்கு வலிப்பை உண்டாக்கும்; வலிப்பு நோயுள்ளவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். நோன்பு காலத்திலே குளிசையின் வேளையைத் தாமே மாற்றாமல், ரமழான் பிறக்குமுன் வைத்தியரிடம் ஒழுங்கு கேட்பது நலம்.

நீண்ட காலம் உட்கொண்டவர், இக்கட்டுரையைப் படித்த வேகத்தில் இன்றே நிறுத்திவிடல் ஆகாது. வைத்தியரின் துணையோடு, வாரங்களாக, சிலருக்கு மாதங்களாக, சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். விட்ட பின்பு மீண்டும் பழைய அளவை ஒரே முறையில் உட்கொள்ளல் பேராபத்து. தாங்குதிறன் போய்விட்ட உடலுக்கு அது நஞ்சாகும். அடிமைநிலை தோன்றிவிட்டதென ஐயமெழுந்தால் மறைக்க வேண்டாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அரசினர் வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளும் அதற்கு வழிகாட்டும்.

இவற்றுக்கு மேலாக வீட்டார் கொடுக்கக்கூடிய மருந்து ஒன்றுண்டு. “நோகிறது” என்று சொல்பவரை நம்புதல். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. நம்பப்படாத நோயாளி நோவை நிரூபிப்பதற்காகவே மேலும் முனகுகிறார். நம்பப்படுபவர் எழுந்து நடக்க முயல்கிறார். மாலையில் அவரோடு சேர்ந்து களப்பின் கரையிலே கால் மணி நேரம் நடக்கும் மகனோ மகளோ, பல குளிசைகளின் வேலையைச் செய்துவிடலாம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர். உப்பு மிகுந்த பண்டமும் குப்பைக்கே போகும். சமைப்பவள் உப்புக்கு அஞ்சுவதுமில்லை, அதை அள்ளிக் கொட்டுவதுமில்லை. எந்தக் கறிக்கு எவ்வளவு என்று அறிந்து இடுகிறாள். நோவாற்றும் மருந்துகளிலும் நமக்கு வேண்டியது அந்த அறிவே. மரணப் படுக்கையில் துடிப்பவருக்கு அஞ்சாது கொடுப்போம்; உழைத்து ஓய்ந்த நாரிக்கு அவசரப்பட்டுக் கொடாதிருப்போம்; பழகிவிட்டவரை இகழாது மெல்ல மீட்போம்.